பட்டை வளரும் என்று சொன்னேன்

2018 ஜனவரியில், பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். எனக்குச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளப் பயந்தேன்.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வுபெற்ற மறு வருடம் நண்பர் ஒருவர் சுங்கைப்பட்டாணியில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். 'ஸ்டெம் செல்' பொடி விற்கிற கூட்டம். ஆள் சேர்த்தால் கமிஷன். மூன்றாவது வாரம் என்னை மேடையேற்றினார்கள். பலகையில் செல்லை வரைந்து விளக்கினேன். கைதட்டினார்கள். வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்காத காலம் அது. பணத்துக்காகச் செய்தேன் என்றால் குற்றம் சின்னதாகிவிடும். பெருமைக்காகச் செய்தேன்.

அந்த அக்கா பால்மரம் வெட்டுகிறவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். அவருக்குப் பதினொரு வருடமாக இனிப்புநீர். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மாத்திரை வாங்கி வருவார். தவறாமல் சாப்பிடுவார். என் பொடி பெட்டி 180 வெள்ளி. அந்த வருடம் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி.

நான் இப்படிச் சொன்னேன்: "தினமும் மரத்தைச் சீவுறீங்க. பட்டை திரும்ப வளருதில்லையா அக்கா? அதே மாதிரி உங்க கணையமும் வளரும். அதுக்கான விதைதான் இந்தப் பொடியில இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மாத்திரை, சார்?"

இந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. எந்த டாக்டரும் இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மேடையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதிலும் தெரியும். "கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க" என்றேன். "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார்.

பட்டையைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்று மெல்லிய படலம் ஒன்று உண்டு. பட்டையைப் புதிதாக வளர்க்கும் ஸ்டெம் செல்கள் அதில் இருக்கின்றன. கத்தி அதைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளரும். தொட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். பெயர் தெரியாவிட்டாலும் அந்தப் படலத்தை அவர் கை முப்பது வருடமாகக் காத்து வந்தது. அவருடைய தொழிலறிவையே எடுத்து அவரை ஏமாற்றினேன். ரப்பர் மரத்தின் செல் ரப்பர் மரத்தைத்தான் வளர்க்கும். பெட்டியில் எழுதியிருந்தது ஆப்பிள் செல்லின் சாறு. அது காய்ந்த பொடி. உயிருள்ள செல்லாகவே இருந்தாலும் வயிற்றுக்குள் போனால் அது சாப்பாடு, அவ்வளவுதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செரிமானம் நடத்திய எனக்கு இது தெரியாதா?

ஸ்டெம் செல் என்பதே பொய்யாக இருந்திருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்காது. உண்மையைக் கடன் வாங்கித்தான் விற்றேன். நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் ரத்தத்தின் எல்லா அணுக்களுக்கும் மூலம். சிவப்பணு மட்டுமே நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் பிறக்கிறது. 1961இல் டொரன்டோவில் டில், மெக்கல்லோ இருவரும் எலிகளில் இந்தச் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். கோலாலம்பூரில் 1987இலேயே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் பலரை அது காப்பாற்றுகிறது. அதற்கும் திசு பொருந்த வேண்டும். கூடப் பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். மேடையில் இந்தச் சிகிச்சையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். திசு பொருந்த வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டேன்.

இனிப்புநீருக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. 2025இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தில் ஊசி இல்லாமல் இருந்தார்கள். அவர்களுக்கு வந்தது முதல் வகை நோய். செல்களை ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். உடம்பு அவற்றைத் தள்ளிவிடாமல் இருக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கு இருந்தது இரண்டாம் வகை. நான் கொடுத்தது வெந்நீரில் கரைக்கிற பொடி.

ஜூனில் அவர் போன் செய்தார். தாகம் அடங்கவில்லை, கால் விரலில் ஒரு புண், ஆறவில்லை என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. "நச்சு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்றேன். முதல் பொய்யைவிட இது பெரியது. அன்று ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தால் ஒருவேளை விரலோடு போயிருக்கும். மூன்று வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

மரம் வெட்ட நிரைக்குப் போக முடியாதவருக்குத் தோட்டத்தில் வீடு இல்லை. மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கூலிம் தொழிற்சாலையில் சேர்ந்தான். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்டு வாசல் வரை போனேன். கட்டிலில் அவர் முதுகு தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, அவரிடம் வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. பிரிக்காத இரண்டு பெட்டியை மகனிடம் எடுத்துவரச் சொன்னார். "இதை வேற யாருக்கும் குடுத்திடாதீங்க, சார்" என்றார்.

என் நோட்டில் இருபத்தாறு பெயர்கள். இருபத்திரண்டு பேர் வீட்டு வாசலில் போய் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நாலு பேர் தோட்டம் மாறிப் போய்விட்டார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் இதைப் படித்தால், என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே கிளினிக்குப் போங்கள். கால்களையும் காட்டுங்கள். கட்டணம் ஒரு வெள்ளி.