எட்டாயிரம் டாலருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னாலே நம்மாளுங்க பலபேர் ரெண்டு விதமா நினைக்கிறாங்க. ஒண்ணு, அது கோடீஸ்வரங்க சமாச்சாரம். இன்னொண்ணு, நாப்பது வயசுக்கு மேல வர்ற வியாதி. ரெண்டாவதை நான் மறுக்கப் போறதில்லை :-) ஆனா முதலாவது சரியில்லை. இங்கே அமெரிக்காவில் ஒரு புது கேம்ரி வாங்குற காசில் மூணில் ஒரு பங்குகூட வேண்டாம், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாசல்ல வந்து நிக்கும். வாங்குறதில் கஷ்டமே இல்லை. யானையைப் பிடிச்சுக் கட்டிரலாம், தீனி யார் போடுறது?

நம்ம வீட்டில் தங்கமணி போட்ட கண்டிஷன் இதுதான். மொத்தம் 8,000 டாலர். அதுக்குள்ள வண்டியும் அடங்கணும், முதல் ரெண்டு வருஷ ரிப்பேரும் அடங்கணும். அதுக்கு மேல ஒரு டாலர் ஆனாலும் அது பையனோட காலேஜ் கணக்கிலிருந்துதான் வரணும், அதைத் தொட்டா வீட்டில் அடுப்பு எரியாது. பையனுக்கு இப்ப 15. நியூ ஜெர்சியில் 17 வயசில் தனியா ஓட்டலாம். "அப்பா, எனக்கு கியர் வண்டி சொல்லிக் கொடு"ன்னு கேட்டவனே அவன்தான். ஆக, இந்த வண்டி என் ஆசைக்கு மட்டும் இல்லை. ஸ்டியரிங் பிடிக்கப் போறது ரெண்டு பேர்.

முதல்ல மனசு போன இடம் போர்ஷே பாக்ஸ்டர். போகாம இருக்குமா? 986ன்னு சொல்லுவாங்க, 1996ல் வந்த முதல் தலைமுறை. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், நடுவுல உக்காந்திருக்கும். முதல்ல 2.5 லிட்டர், 201 குதிரைசக்தி. 2000த்தில் 2.7 ஆச்சு, கூடவே 3.2 லிட்டர் 'எஸ்' வந்துச்சு, 250 குதிரைசக்தி. என் பட்ஜெட்டுக்கு அச்சு அசலா 8,000 டாலருக்கு ஒண்ணு, வெள்ளிக் கலர், இருபது மைல் தூரத்தில். ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கார் புதுசுல சுமார் 40,000 டாலருக்கு வித்தது. இருபது வருஷத்தில் காரோட விலைதான் இறங்கியிருக்கே தவிர, உதிரிபாகத்தோட விலையோ மெக்கானிக் கூலியோ இறங்கலை. 8,000 டாலர் கார்தான், ஆனா 40,000 டாலர் காருக்கு உண்டான ரிப்பேர் பில். இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டா பாதித் தேர்வு முடிஞ்சுது.

அதுக்கு மேல அந்த எஞ்சினுக்கு ஊரறிஞ்ச ஒரு நோய் உண்டு. கிராங்க் ஷாஃப்டுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் நடுவில் இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒண்ணு ஓடுது. அதோட ஒரு முனையைத் தாங்குறது ஒரு சின்ன பால் பேரிங். அது தேஞ்சு உடைஞ்சா டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், எஞ்சின் அவ்வளவுதான். பெரும்பாலான கார்களுக்கு இது வர்றதில்லை, உண்மை. வந்தவங்களுக்குக் காரே போச்சு. இது கோர்ட் வரைக்கும் போய், 2001லிருந்து 2005 வரைக்குமான சில கார்களுக்காக 2013ல் சமரசம் ஆச்சு. பேரிங்கை முன்கூட்டியே மாத்திரலாம். ஆனா கியர்பாக்ஸைக் கழட்டினாத்தான் கை எட்டும், அதனால கிளட்ச் மாத்தும்போது சேர்த்துச் செய்வாங்க. நான் பார்த்த வண்டியில் ரெண்டும் மாத்தினதுக்குத் துண்டு ரசீதுகூட இல்லை. கையில் இன்னும் அஞ்சாயிரம் இருந்திருந்தா வாங்கியிருப்பேன். இல்லாதவன் வாங்கினா அது சூதாட்டம், அதுவும் பையனோட காலேஜை வச்சு.

அடுத்தது மாஸ்டா ஆர்எக்ஸ்-8. 2012 வரைக்கும் வந்தது, இங்கே கொள்ளை மலிவு. ஏன் மலிவுன்னு கேளுங்க. பிஸ்டனே கிடையாது, சுழலும் ரோட்டரி எஞ்சின். அந்த ரோட்டரின் முனைகளில் இருக்கிற சீல் தேயாம இருக்க, எஞ்சின் கொஞ்சம் ஆயிலைத் தானே குடிக்கும், அமைப்பே அப்படி. அடிக்கடி டிப்ஸ்டிக் பார்த்து ஊத்தணும். குளிர்ல ஸ்டார்ட் பண்ணி பத்தடி நகர்த்திட்டு அணைச்சா, பெட்ரோல் தேங்கி மறுபடி கிளம்பாம அடம் பிடிக்கும். நம்ம வீட்டில் கார்களை முன்னே பின்னே நகர்த்துறது தினப்படி வேலை, சரிப்படாது. வாங்கியே தீருவேங்கிறவங்க, ரோட்டரிக்குன்னே இருக்கிற கருவியில் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணாம காசை வெளியே எடுக்காதீங்க.

ஹோண்டா எஸ்2000? 9,000 ஆர்பிஎம் வரைக்கும் கத்துற எஞ்சின். அதோட விலை எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கு. டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடர் நல்ல வண்டி, ஆனா ரெண்டு பை காய்கறி வைக்க இடமில்லை. அடுத்த மேட்டருக்குப் போவோம்.

கடைசியில் எல்லாரும் சொல்ற பதிலுக்கே வந்தேன்: மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா. எல்லாரும் சொல்றதாலேயே வேண்டாம்னு கொஞ்ச நாள் வீம்பு பண்ணினேன், அது வேற கதை. 1989ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் வந்தப்ப 1.6 லிட்டர், வெறும் 116 குதிரைசக்தி. 1960களின் லோட்டஸ் எலான் மாதிரி சின்னதா, லேசா, ஆனா மழைநாளிலும் ஸ்டார்ட் ஆகிற மாதிரி செஞ்சாங்க. 2016ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்துச்சு. எனக்கு இதுதான் முக்கியம். அத்தனை கார் ஓடினதால எந்த பாகமும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் தொடுவார், பாதி வேலையை நாமே செஞ்சுக்கலாம். வேகம்? நெடுஞ்சாலையில் மினி வேன்கூட நம்மை முந்தும். ஆனா வளைவுள்ள சின்ன ரோட்டில் 40 மைல் வேகத்திலேயே சிரிப்பு வந்துரும். 200 குதிரைசக்தி வச்சுக்கிட்டு டிராஃபிக்கில் நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

இதுக்கும் நோய் உண்டு. துரு. மடக்குற கூரையிலிருந்து வடியுற தண்ணி, சீட்டுக்குப் பின்னால் ரெண்டு பக்கமும் இருக்கிற குழாய் வழியா கீழே இறங்கும்படி வச்சிருக்காங்க. இலை தழை அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளேயே தங்கி, கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால அரிக்க ஆரம்பிக்கும். எங்க ஊர்ல குளிர்காலம் பூரா ரோட்டில் உப்பு கொட்டுறாங்க, கேக்கவே வேண்டாம். அதனால ஒரு பாட்டில் தண்ணியோட போனேன். குழாயில் ஊத்துவேன், கீழே சொட்டுதான்னு குனிஞ்சு பார்ப்பேன். விக்கிறவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க, பார்க்கட்டும்.

மூணு வண்டி பார்த்தேன். ஒண்ணில் நான் போகும்போதே பானட் சுட்டுது. எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது எப்படிக் கிளம்புதுன்னு நான் பார்க்கக்கூடாதுன்னு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கார். அடியில் புத்தம்புது கறுப்புப் பெயின்ட் வேற. கும்பிடு போட்டு வந்துட்டேன். இன்னொண்ணில் நாலு டயரும் நாலு கம்பெனி. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அதில் ஒண்ணு 1409, அதாவது 2009ல் 14வது வாரம். பட்டன் தேயாம பளபளன்னு இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

இந்த டயர் விஷயத்தில் நான் கறாரா இருக்க பையன்தான் காரணம். வண்டி சறுக்கும்போது தானே பிரேக் பிடிச்சு நேராக்குற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்துதான் எல்லாக் கார்களிலும் கட்டாயம். நான் பார்த்த எதிலும் அது இல்லை. பின்சக்கர ஓட்டம், ஈர ரோடு, 15 வயசுக் கால். நல்ல டயர் ஒண்ணுதான் காப்பு.

மூணாவது, 2003 மாடல், 92,000 மைல், ரிட்டயர் ஆன ஒருத்தர் வச்சிருந்தார். குளிர்காலத்தில் வெளியே எடுக்கவே மாட்டாராம். ஒரு தடி ஃபைல் நீட்டினார். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில், எல்லாத்துக்கும் தேதியும் மைலும் அவர் கையெழுத்தில். அப்பவும் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட 200 டாலர் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். துரு இல்லை, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் மட்டும் லேசாக் கசியுதுன்னார். அதைச் சொல்லி 150 குறைச்சேன். 5,650க்கு முடிஞ்சுது. புது டயருக்கு 520. மிச்சம் 1,630, தனி உறையில், தங்கமணி கஸ்டடியில்.

சிலிண்டர் முப்பது டாலர்தான், வந்து கராஜில் கிடக்கு. சனிக்கிழமை நானும் பையனும் மாத்தப் போறோம். கிளட்ச்னா என்னன்னு ஓட்டிப் பார்க்கிறதுக்கு முன்னால கையில் பிடிச்சுப் பார்க்கட்டும்.