மலை மிதிவண்டிக்கு நாங்கள் சொன்ன பாதிச் சாட்சி



சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மலை மிதிவண்டி வந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி. ஆரணியில் பட்டுத் தறியை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. நாள் முழுவதும் தறியில் அமர்ந்து வேலை செய்தாலும் உடலுக்கு அது பயிற்சி ஆவதில்லை. எங்களில் மூத்தவருக்குச் சர்க்கரை நோய் தொடங்கியிருந்தது. இளையவருக்கோ, மேற்கே நீல நிறத்தில் தெரியும் சவ்வாது மலையின் அடிவாரம் வரை ஒருநாள் மண்பாதையிலேயே போய்வர வேண்டும் என்பது சிறுவயது ஆசை. இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்துதான் 16,500 ரூபாயைச் செலவழிக்கும் துணிவை எங்களுக்குத் தந்தன. அந்தப் பணம் எளிதாகச் சேர்ந்ததன்று என்பதைத் தறிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் வாங்கியது ஹார்ட்டெயில் எனப்படும் வகை. இதில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் சஸ்பென்ஷன் உண்டு. பின்பக்கம் இறுகிய சட்டம். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல வண்டிகளின் விலை லட்சத்தைத் தாண்டிவிடும். அவற்றின் மூட்டுகளையும் பேரிங்குகளையும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் நம் ஊர்களில் அரியர். ஆகவே குறைந்த விலையில் மண்பாதைக்கு வண்டி தேடும் குடும்பத்துக்கு ஹார்ட்டெயிலே பொருத்தம் என்று அன்று முடிவு செய்தோம். இன்றும் அந்த முடிவில் மாற்றமில்லை.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் முறை வைத்துக்கொண்டு புறப்படுவோம். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் கமண்டல நாகநதியின் கரை, ஏரிக்கரைகள், ஜாகீர்தார்களின் பழைய மாளிகை சிதைந்து நிற்கும் பூசிமலைக்குப்பத்துப் பக்கம், சில விடுமுறை நாட்களில் படவேட்டையும் கடந்து செண்பகத்தோப்பு அணையை நோக்கிய பாதை என்று எங்கள் வட்டம் மெல்ல விரிந்தது. காப்புக்காட்டுக்குள் மட்டும் நுழைவதில்லை. அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் போளூரிலிருந்து எங்கள் தங்கை கைபேசியில் அழைத்தாள். "பையன் அதே வண்டி வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறான் அண்ணே. வாங்கலாமா?" என்றாள். பையனுக்கு வயது பதினேழு, பன்னிரண்டாம் வகுப்பு. நாங்கள் இருவரும் மாறி மாறிப் புகழ்ந்தோம். ஏற்றத்தில் ஏறும் எளிமையைச் சொன்னோம். கல்லிலும் பள்ளத்திலும் கை வலிக்காததைச் சொன்னோம். மோட்டார் பைக் கேட்காமல் மிதிவண்டி கேட்கிறானே என்று மகிழச் சொன்னோம். தங்கையின் கணவர் கடன் வாங்கி அந்த வண்டியை வாங்கித் தந்தார்.

மழைக்காலத்தின் முடிவில், மலையடிவார இறக்கம் ஒன்றில் அவன் விழுந்தான். முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியதும் ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. சக்கரம் அதனோடு திரும்பவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அரையாண்டுத் தேர்வை அவனால் எழுத இயலவில்லை.

பார்க்கச் சென்றபோது வண்டியைச் சோதித்தோம். ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் தண்டோடு பிணைக்கும் ஸ்டெம் என்ற பகுதியில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வரும் வண்டியைக் கடையில் முழுதாகப் பூட்டித் தருகிறார்கள். அவன் வண்டியில் அந்த இரண்டு போல்ட்டுகளும் போதிய அளவு முறுக்கப்படவில்லை.

எங்களை வருத்தியது அது மட்டுமன்று. எங்கள் வண்டியிலும் இரண்டாம் வாரத்தில் இதுவே நேர்ந்திருந்தது. ஆற்று மணலில் மெதுவாகச் சென்றுகொண்டிருந்ததால் அடிபடவில்லை. சிரித்துக்கொண்டே முறுக்கிவிட்டு வந்தோம், மறந்தும் போனோம். "உங்களுக்கு இது தெரியாதா அண்ணே?" என்று தங்கை கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தெரியும் என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

வீடு திரும்பியபின் அத்தாவிடம் இதைச் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்வை நாம் அனைவரும் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று அவரிடம் கேட்கப்பட்டது. அரிசிக்கும் பெயர் பெற்ற எங்கள் ஊரில் அந்த நிகழ்வைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. "நாங்கள் எதையும் விற்கவில்லையே அத்தா" என்றோம். "விற்கிறவன் மட்டும்தான் குவியல் வைப்பானா? கேட்டவர்களுக்குச் சொல்கிறவனும் வைக்கிறான்" என்றார் அவர். ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராக இருத்தல் வேண்டும் என்ற நபிமொழியின் பொருள் அன்றுதான் எங்களுக்கு முழுதாக விளங்கியது.

ஆகவே தங்கையிடம் அன்று சொல்லாமல் விட்டவற்றை இங்கே சொல்கிறோம். பிள்ளைகளுக்கு இத்தகைய வண்டி வாங்க எண்ணும் பெற்றோருக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் ஃபோர்க். இந்த விலையில் வரும் ஃபோர்க்கினுள் இருப்பது சுருள்வில். எங்கள் வண்டியில் அது 80 மில்லிமீட்டர் வரை அமுங்கும். அமுங்குவதை எப்படி அளப்பது? ஃபோர்க்கின் பளபளப்பான உள்குழாயில் பட்டு நூல் ஒன்றைச் சுற்றிக் கட்டி, கீழ்விளிம்பை ஒட்டி வைத்தோம். ஃபோர்க் அமுங்கும்போது நூல் மேலே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். ஒரே பாதையில் 84 கிலோ எடையுள்ள மூத்தவர் சென்றபோது நூல் 76 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. 57 கிலோ எடையுள்ள இளையவர் சென்றபோது 40ஐத் தாண்டவில்லை. நடுத்தர எடைக்கு ஏற்ற வில்லைத்தான் எல்லா வண்டிகளிலும் பொருத்துகிறார்கள். காற்றழுத்தத்தில் இயங்கும் விலையுயர்ந்த ஃபோர்க்கை எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். சுருள்வில்லில் அந்த வசதி மிகக் குறைவு. அமுங்கிய வில் திரும்பும் வேகத்தை அடக்கும் அமைப்பும் இதில் இல்லாததால், அடுத்தடுத்த கற்களில் முன்சக்கரம் துள்ளும். மண்பாதைக்கு இது போதும்; உயரத்திலிருந்து குதிப்பதற்கு உகந்ததன்று.

அடுத்தது பிரேக். கம்பியால் இழுபடும் டிஸ்க் பிரேக் இது. புதிய பிரேக் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. சமதரையில் இருபது முப்பது முறை ஓட்டி நிறுத்திப் பழக்கிய பின்னரே இறக்கத்துக்குப் போக வேண்டும். முதல் சில வாரங்களில் கம்பி தளரும். லீவர் அருகிலுள்ள திருகைத் திருப்பி அதை இறுக்கலாம். மழைக்காலச் சேற்றில் பேடுகள் விரைவில் தேய்ந்தன. நான்காம் மாதத்தில் மாற்றினோம். செயினுக்கு எண்ணெய் இடும்போது ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும் பிரேக் வழுக்கும்.

மலை மிதிவண்டியின் வரலாறே பிரேக்கோடு பிணைந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், தமல்பாயஸ் மலைப் பகுதியில், இளைஞர் சிலர் பழைய கனமான மிதிவண்டிகளைத் திருத்தி மண்பாதை இறக்கத்தில் ஓட்டினர். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர். இறங்கி முடிக்கும்போது பின்சக்கர பிரேக்கினுள் இருந்த கிரீஸ் வெப்பத்தில் எரிந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. இறக்கம் பிரேக்கை எவ்வளவு சோதிக்கும் என்பதைப் பிள்ளைகள் அறிவது நல்லது.

மூன்றாவது பின்சக்கரம். 21 கியர் என்ற எண் கடையில் பெரிதாக ஒலிக்கும். ஆனால் எங்கள் ஊர் ஏற்றங்களுக்குத் தேவைப்பட்டது அடிக்கியர் ஒன்றுதான், அது நன்றாகவே உதவியது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவ்விலையில் பல வண்டிகளில் பின்பற்சக்கரங்கள் ஃப்ரீவீல் என்ற பழைய முறையில் திருகப்பட்டிருக்கும். அம்முறையில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், பற்சக்கரங்களுக்குக் கீழே உள்ள அச்சுக்குத் தாங்கல் இராது. எடை மிகுந்தவர் பள்ளத்தில் அடித்து இறங்கினால் அச்சு வளையும். எங்கள் மூத்தவர் ஒன்றை வளைத்தே விட்டார். காசெட் முறையில் பேரிங் ஓரத்தில் அமைவதால் அச்சு வலிமையாக நிற்கும். இருநூறு முந்நூறு ரூபாயில் அச்சை மாற்றிவிடலாம் என்றாலும், முன்பே தெரிந்திருந்தால் படவேட்டிலிருந்து பாதி வழி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்க மாட்டோம்.

நான்காவது டயர். 2.1 அங்குல அகல டயருக்குத் தார்ச்சாலையில் 45 பிஎஸ்ஐ காற்று வைத்தோம். மணலிலும் கல்லிலும் 30 அளவில் வைத்தபோதுதான் பிடிப்புக் கிடைத்தது. அதற்கும் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கிவிடும். சீமைக்கருவேல முள்ளுக்கோ எந்த அளவும் பொருட்டன்று. ஆறு மாதத்தில் ஒன்பது பஞ்சர். ஆகவே சிறு பம்பு, மாற்று டியூப், ஆலன் கீ தொகுப்பு, தலைக்கவசம் ஆகியவற்றையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். எங்களுக்கு மொத்தம் 20,000 ரூபாயை நெருங்கியது. தங்கைக்கு 16,500 என்று மட்டுமே சொல்லியிருந்தோம்; அதனால்தான் அவன் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினான். தலையில் அடிபடாதது அல்லாஹ்வின் அருள்.

இறுதியாக, புறப்படும் முன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள். முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு இடையே இறுகப் பற்றிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்ப முயலுங்கள். அது தனியே அசைந்தால் போல்ட்டுகளை முறுக்காமல் ஓட்டக் கூடாது. இரண்டாவதாக, சக்கரத்தை அச்சோடு பூட்டும் கைப்பிடியைப் பாருங்கள். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவு அது இறுக்கமாக இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வண்டியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வோம். மண்பாதைக்கும் ஏரிக்கரைக்கும் மிதமான இறக்கத்துக்கும் இது தகுதியானது. எங்கள் மூத்தவரின் சர்க்கரை அளவு குறைந்திருக்கிறது. மலையடிவாரம் வரை மண்பாதையில் போய்வரும் ஆசை இளையவருக்கு நிறைவேறிவிட்டது. ஆனால் குதிப்பதற்கும் கரடுமுரடான செங்குத்து இறக்கத்துக்கும் இதை நம்பிக் கொடுக்காதீர்கள். கடையில் பூட்டித் தந்ததை அப்படியே நம்பியும் ஏறாதீர்கள்.

மாவுக்கட்டுப் பிரித்தபின் மருமகன் ஆரணிக்கு வந்திருந்தான். தவறு எங்களுடையது என்று அவனிடம் சொன்னோம். மாமன்கள் இருவரும் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதில் அவனுக்குக் கூச்சம். மூன்று சோதனைகளையும் அவனுக்குச் செய்து காட்டினோம். பிறகு அவனையே செய்யச் சொன்னோம். வலது கையில் இன்னும் முழு வலிமை திரும்பாததால் போல்ட்டை இடது கையால் முறுக்கினான். மறுநாள் ஏரிக்கரை வரை மூவரும் சென்றோம். ஒரு வண்டியை எங்களில் இருவர் மாற்றி மாற்றி ஓட்டினோம். தங்கை அவனை இன்னமும் தனியே இறக்கத்துக்கு அனுப்புவதில்லை. அவளுடைய அச்சம் எப்போது தீரும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

கேட்பவருக்கு முழுமையாகச் சொல்லும் நாவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.