மன்னார் வெயிலில் ஒரு முகம்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பிரயாணம் செய்பவர்கள், 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வது வழக்கம். வழியெங்கும் பற்றைக் காடும், வயலும், பனங்கூடலும் மாறி மாறி வரும். விடத்தல்தீவைத் தாண்டியதும் காற்றில் உப்பு மணம் ஏறும். சென்ற விடுமுறையில் நானும் என் மனைவியும் மகளும் அவ்வழியே புறப்பட்டோம். எங்கள் பிரயாணத்துக்குக் காரணம் ஒரு படம். அதுவும் கைத்தொலைபேசியிலே எடுக்க வேண்டிய ஒரு சிறு படம்!

மன்னார் நகரத்தில் என் பெரியம்மா வசிக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். 1990 ஆம் ஆண்டில், போர்க்காலத்திலே, கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு படகேறி இராமேசுவரக் கரைக்குப் போய், மண்டபம் முகாமில் தங்கியவர்களுள் அவரும் ஒருவர். பெரியப்பா அக்கரையிலேயே காலமானார். ஊர் திரும்பியபோது வீட்டின் சுவர்கள் மாத்திரமே எஞ்சி நின்றன. கல்யாணப் படம், பிள்ளைகளின் படம், பெரியப்பா வேட்டி சால்வையோடு கதிரையில் அமர்ந்திருந்த படம் யாவும் போயின. இப்போது ரொறன்ரோவில் இருக்கும் பேத்திக்குக் கல்யாணம். “மண்டபத்தில் வைக்க ஆச்சியின் நல்ல படமொன்று வேண்டும், மாமா” என்று அவள் கேட்டிருந்தாள். என் மகள், “அதற்கென்ன, ஆச்சியோடு நின்று ஒரு செல்பி எடுத்தால் போயிற்று!” என்றாள். அது அத்துணை எளிதன்று என்பதை மன்னாரிலேதான் அறிந்தோம்.

முதலில் திருக்கேதீச்சரம் சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பழைய மாதோட்டத் துறைமுகத்தின் அருகே எழுந்த கோயில். போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டு, பிற்காலத்தில் அன்பர்களால் மீண்டும் எழுப்பப்பட்டு, 1976 இலும் 2022 இலும் கும்பாபிஷேகம் கண்டது. உச்சிக்காலப் பூசை முடிந்து வெளியே வந்ததும், கோபுரத்தைப் பின்னணியாக வைத்து மகள் கையை நீட்டினாள். படத்தைப் பார்த்தால் மூவர் கண்களும் குழி விழுந்து, மூக்கின் நிழல் மீசைபோல் உதட்டின்மேல் படிந்திருந்தது. தலைக்கு நேரே நிற்கும் சூரியன் நெற்றியைச் சுடுமேயன்றிக் கண்ணுக்கு ஒளி தராது. பாலாவித் தீர்த்தக் கரையில் ஒரு மரநிழலின் ஓரத்தில், வெளிப்பக்கம் முகம் காட்டி நின்று எடுத்த இரண்டாவது படம் எவ்வளவோ மேலாக இருந்தது. ஆயினும் முகங்களெல்லாம் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் மங்கியிருந்தன.

பெரியம்மா வீட்டில் மதிய உணவு முடிந்தது. திறந்த வாசலுக்கு முன்னே ஆச்சியைக் கதிரையில் இருத்தி மகள் பக்கத்தில் நின்றாள். படத்தில் வாசல் பளபளத்தது, ஆச்சியோ கரிக்கட்டையானார். “கொஞ்சம் பொறுங்கோ” என்று மகள் எதையோ அழுத்தி மறுபடியும் எடுத்தாள். ‘பியூட்டி’ என்று அதற்குப் பெயராம். பெரியம்மா தொலைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

“ஆர் பிள்ளை இது? எங்கட வீட்டுக்கு எந்த வெள்ளைக்காரி வந்தவள்?”

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. “அவற்ற முகம் கடுதாசியிலை இல்லை, என்ர நினைவிலைதான் இருக்கு. என்ர முகமாவது பிள்ளையளுக்கு உள்ளபடி இருக்கட்டும்” என்றார். எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

மகளின் முடிவு வேறு. “அப்பா, இந்த போனின் முன்பக்கக் கமரா சரியில்லை. புதிது வாங்க வேண்டும்.” ஆசிரியன் ஒருவனுடைய சம்பளத்தில் அது இலேசான காரியமன்று. வாங்குவதற்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்போம் என்று, கடைத்தெருவில் படம் பிடிக்கும் நிலையம் வைத்திருந்த ஒரு முதியவரிடம் போனோம். அவர் தொலைபேசியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மெல்லிய பருத்தித் துணியொன்றை எடுத்து, முன்பக்கத்து மிளகளவு கண்ணை மெதுவாகத் துடைத்தார்.

“தம்பி, போனை மாத்த வேண்டாம், கண்ணைத் துடையுங்கோ” என்றார்.

கன்னத்தோடு அணைத்துப் பேசும் எண்ணெயும், விரல் வியர்வையும், மன்னார்க் காற்றின் உப்பும் சேர்ந்து அக்கண்ணின்மீது திரையிட்டிருந்தன. போதாக்குறைக்கு, திரையைக் காக்க ஒட்டிய கண்ணாடித் தாளின் ஓரம் அதன்மேற் சற்று ஏறியிருந்தது. அதைக் கழற்றிச் சீராக ஒட்டித் தந்தார். பனிமூட்டத்தில் முக்காற்பங்கு அப்போதே கலைந்தது.

பிறகு அவர் விளக்கியது என் போன்றோருக்கு நல்ல பாடம். பெரும்பாலான தொலைபேசிகளில் முன்கண் பின்கண்ணைவிட எளியது. ஒளியை ஏற்கும் அதன் தகடு சிறியது. ஆகையால் வெளிச்சம் குறைந்த இடத்தில் அது பெருமுயற்சி செய்து ஒளியைப் பெருக்கும்போது, படமெங்கும் புள்ளி புள்ளியாக மாசு தோன்றும். பல தொலைபேசிகளில் முன்கண்ணின் குவியத் தூரம் ஒரு கை நீளத்துக்கென்றே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். மிக நெருங்கினால் முகம் கலங்கும். அகன்ற பார்வையுடைய கண்ணை முகத்துக்கு அருகில் பிடிப்பதால், அருகில் இருக்கும் மூக்கு பெருத்தும் தூரத்திலிருக்கும் காது சிறுத்தும் தெரியும். “இது கமராவின்ர குற்றமில்லை, குணம். குணமறிஞ்சு பழகவேணும்” என்று முடித்தார். மனிதருக்கும் பொருந்தும் வாக்கியமல்லவா இது!

பாடத்தைப் பரீட்சிக்க மன்னார்த் தீவைவிடச் சிறந்த இடம் வேறில்லை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்குமரத்திடம் போனோம். ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழக்கு. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். யானைக் கூட்டமொன்று நெருக்கியடித்து நிற்பது போன்ற தோற்றம். கையை நீட்டி எடுத்த படத்தில் எங்கள் மூன்று தலைகளே நிறைந்து, மரத்தின் பட்டை மாத்திரம் பின்னால் சுவர்போல் தெரிந்தது. தொலைபேசியைத் திருப்பிப் பின்கண் எங்களை நோக்க ஒரு கல்லின்மேற் சாய்த்து, பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடிவந்து நின்றோம். மரமும் முழுமையாக வந்தது. எங்கள் மூக்குகளும் அளவாக வந்தன.

நகரத்துக்குத் திரும்பும் வழியில், மன்னாருக்கே உரிய கழுதைகளுள் ஒன்று வீதியோரத்தில் நின்றது. மகள் அதனோடும் ஒரு செல்பி எடுத்தாள். என்ன வேடிக்கை! கழுதையின் முகம் கண்ணிமை வரை தெளிவாக இருந்தது. மகளின் முகம் இருண்டிருந்தது. காரணம் பிற்பாடு விளங்கிற்று. கழுதை மேற்குச் சூரியனைப் பார்த்து நின்றது. மகள் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றாள்.

போர்த்துக்கேயர் 1560 இல் கட்டி, ஒல்லாந்தர் 1658 இல் கைப்பற்றி, 1696 இல் திருத்திக் கட்டிய மன்னார்க் கோட்டைக்குள்ளும் சென்றோம். இருண்ட உட்பகுதியில் எடுத்த படம், மாவு சலித்துத் தூவியதுபோல் புள்ளி மயமாக வந்தது. வளைவு வாசலருகே இரண்டடி முன்னே வந்து, வெளியை நோக்கி நின்றதும் புள்ளிகள் மறைந்தன. இரண்டடி தூரத்துக்குள் எத்துணை வேறுபாடு!

மாலையில் தலைமன்னார்த் துறையை அடைந்தோம். 1914 இல் தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை தொடங்கிய துறை இது. சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே சீட்டில் மக்கள் போய்வந்த காலம் அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கு நடந்த கப்பலும் 1980களில் நின்றது. போர்க்காலத்தில் அழிந்த இருப்புப்பாதை 2015 இல் திரும்பவும் இங்கு வந்து சேர்ந்தது. கரையிலிருந்து அக்கரை நோக்கி இராமர் அணை என்னும் மணல் திட்டுகள் நீள்கின்றன. பெரியம்மா கடந்த கடல் இதுவே என்று எண்ணியபடி நெடுநேரம் நின்றேன்.

மகள் அத்தமன சூரியனைப் பின்னே வைத்துப் படம் எடுத்தாள், நிழலுருவங்களே வந்தன. திரையில் தன் முகத்தின்மீது விரலால் தொட்டாள். முகம் தெளிந்தது, வானத்தின் சிவப்பு வெளுத்துப்போயிற்று. ‘எச்.டி.ஆர்.’ என்னும் வசதி, சில படங்களை வெவ்வேறு ஒளியளவில் எடுத்து ஒன்றாக்கி இரண்டையும் ஓரளவு காக்கும். ஆனால் அப்போது கை அசையலாகாது. அந்தக் கடற்காற்றில் அசையாமல் நிற்பது எங்ஙனம்? கடைசியில் சூரியனை நோக்கித் திரும்பி நின்றாள். முகத்தில் பொன்னொளி படிந்தது. அஸ்தமனம் வேண்டுமா, முகம் வேண்டுமா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதே விவேகம். கரையிலிருந்து புறப்படுமுன் கண்ணைத் துடைத்தோம். மறுபடியும் உப்புப் படிந்திருந்தது.

படமெடுக்கும் கலையின் தொடக்கத்திலும் இதே சங்கதிதான். 1839 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரொபேர்ட் கோர்னேலியஸ் என்பவர் தம்மைத் தாமே படம் எடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் தற்படங்களுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அவர் அதற்காக வெளியே, பகலொளிக்கு வந்து, அசையாது இருந்தார். ‘செல்பி’ என்ற சொல்லை ஒக்ஸ்போர்ட் அகராதியினர் 2013 ஆம் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தது நேற்றைய செய்தி. ஒளியைத் தேடிப் போக வேண்டும் என்பதோ ஏறக்குறைய இருநூறாண்டு வயதுள்ள பாடம்.

அன்றிரவு குழல்விளக்கின்கீழ் ஆச்சியைப் படமெடுக்க மகள் விரும்பினாள். நான் தடுத்தேன். “காலை வரட்டும்.”

காலை ஏழு மணி இருக்கும். பெரியம்மா நீராடி, திருநீறு பூசி, கைத்தறிச் சேலை உடுத்து விறாந்தையில் வந்து அமர்ந்தார். வெயில் விறாந்தைக்குள் நேரே விழவில்லை. முற்றத்து வெண்மணலில் விழுந்து, அங்கிருந்து மிருதுவாக எழும்பி அவர் முகத்தில் பட்டது. படநிலையங்களில் வெள்ளைத் துணி பிடித்துச் செய்வதை மன்னாரின் மணல் சும்மா செய்துகொண்டிருந்தது! மகள் ‘பியூட்டி’யை முழுவதும் நிறுத்தினாள், கண்ணைத் துடைத்தாள், முக்காலியின்மேல் ஒரு செம்பை வைத்துத் தொலைபேசியை அதில் சாய்த்தாள். “ஆச்சி, திரையைப் பார்க்காதேங்கோ, மேலே இருக்கிற புள்ளியைப் பாருங்கோ” என்றாள். முதலில் பின்கண்ணால் ஆச்சியைத் தனியே எடுத்தாள். பிறகு அருகில் அமர்ந்து, கையை நன்றாக நீட்டி, முன்கண்ணாலேயே இருவரையும் எடுத்தாள்.

அந்த இரண்டாவது படத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தோம். மாநிறம் மாநிறமாகவே இருந்தது. நெற்றிச் சுருக்கங்களும், கனத்த தோடு தொங்கி நீண்ட காதுத் துளையும், கண்ணின் ஈரமும் அப்படியே இருந்தன. பெரியம்மா விரலால் தம் கன்னத்தைத் திரையிலே தடவினார். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட, பேத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினாள்.

“ஓம், இது நான்தான்” என்றார். சற்றுப் பொறுத்து, “அவர் கண்டால் இப்ப என்னை மட்டுக்கட்டுவார்” என்றார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். புதிய தொலைபேசி பற்றிய பேச்சை அவள் அதன்பின் எடுக்கவில்லை.

கனடாவுக்குப் படத்தை அனுப்பும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டியிருந்தது. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுட்பங்களை இழக்கும். கோப்பாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். அவ்வாறே அனுப்பினோம். திரும்பும் வழியில் அந்த முதியவரிடம் இரு பிரதிகள் அச்சிட்டுத் தரச் சொன்னோம். படத்தைப் பார்த்தவர், “போன் மாத்தினீங்களோ?” என்று கேட்டார். “இல்லை ஐயா, கண்ணைத் துடைத்தோம், நிற்கும் இடத்தை மாற்றினோம்” என்றேன். மனிதர் மகிழ்ந்துபோனார்.

ஒரு பிரதி எங்களோடு யாழ்ப்பாணம் வந்தது. மற்றது மன்னாரில், பெரியம்மா வீட்டுச் சுவரில், முன்பு பெரியப்பாவின் படம் தொங்கிய அதே இடத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. சாவகாசமுள்ள அன்பர்கள் மன்னாருக்கு ஒரு முறை போய் வாருங்கள். வீட்டில் முதியவர் இருப்பின், அதற்கும் முன்னதாக, நாளைக் காலையிலேயே அவரை விறாந்தைக்கு அழைத்து வாருங்கள்.