துறைமுகம் தெரியும் ஆறு பாத்திகள்

இலண்டனில் வாழும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஓய்வு பெற்ற பின் அவரும் மண்ணைக் கிளறத் தொடங்கியிருக்கிறார். அங்கே உள்ளூராட்சி சபைகள் பொது நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆண்டு வாடகைக்கு விடுகின்றன. 'அலொட்மென்ட்' என்பார்கள். முழுத்துண்டு ஏறக்குறைய 250 சதுர மீற்றர். பல இடங்களில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நண்பருக்கு அரைத்துண்டு வாய்த்திருக்கிறது. பயிற்றை கொடியேறிக் காய்க்கத் தொடங்கும் வேளையில் குளிர் வந்துவிடுகிறதாம். போதாக்குறைக்கு நத்தைகள். "உமக்கென்ன, திருகோணமலையில் ஆண்டு முழுவதும் வெயில். போட்டதெல்லாம் முளைக்கும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. புலம்பெயர்ந்த வாசகர்கள் வேறு சிலரும் இதே எண்ணத்தில் இருக்கக்கூடும் என்பதால் அதை இங்கேயே இடுகிறேன்.

என் தோட்டம் வீட்டின் பின்வளவில் இருக்கிறது. ஆறு பாத்திகள், ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம். மேற்கு மூலையில் நின்றால் உட்துறைமுகம் தெரியும். எதிர்க்கரையில் பிரிமா மா ஆலையின் உயர்ந்த களஞ்சியங்கள். அதற்கப்பால் சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் மறைந்திருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது இந்தத் துறைமுகத்தின் மீதுதான். 2020 ஊரடங்கு நாட்களில் நான் முதன்முதலாக இந்த வளவில் மண்வெட்டி போட்டபோது, ஓரடி ஆழத்துக்குக் கீழே முருகைக்கல்லும் போத்தல் ஓடுகளும்தான் வந்தன. நான் புதைபொருள் ஆராய்ச்சி செய்வதாக மனைவி அயலவருக்குச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மண்ணை மண்ணாக்கவே ஓராண்டு சென்றது. தெருவில் திரியும் மாடுகள் தாராளமாகத் தரும் சாணம், அயல் வீட்டு ஆட்டுப் புழுக்கை, வேம்பின் சருகு, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் பாத்திக்குள் போயின. மீன் கழுவிய தண்ணீரை மிளகாய்க்கு ஊற்றினால் மறுநாள் காலை ஊரிலுள்ள பூனைகள் அனைத்தும் அங்கே கூட்டம் கூடியிருக்கும். ஆகவே அது இப்போது முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டுமே.

நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. கிணற்று நீரில் உவர்ப்பு ஏறியிருப்பதால் நாற்றுக்களுக்குக் குழாய் நீர்தான். நகரத்துக்குக் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியற்காலை அக்குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தியை அன்று கொழும்பு ஆசிரியபீடத்தில் இருந்து எழுதியவன் நான். பூவாளியை நிரப்பும்போது சில நாட்களில் அந்நினைவு வரும், போகும். வைகாசி தொடங்கி ஆவணி முடியும்வரை கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து வரும் அந்த உலர்ந்த வெக்கைக் காற்று, காலையில் ஊற்றிய நீரைப் பத்து மணிக்குள் உறிஞ்சிவிடும். நண்பர் பொறாமைப்படும் வெயில் இதுதான். எங்களுக்கு மழை என்பது ஐப்பசி முதல் தை வரையிலான சில மாதங்கள். ஏனைய காலத்தில் முளைப்பது எல்லாம் தோளில் சுமந்த தண்ணீரால் முளைப்பது.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1973இல் நாட்டில் பாணுக்கு விடிகாலையிலேயே வரிசை நின்ற காலத்தில், நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டில் புதிதாகச் சேர்ந்த உதவியாசிரியன். இறக்குமதி சுருக்கப்பட்டு, அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டு, மரவள்ளி உண்ணுமாறு மக்களுக்கு அறிவுரை வழங்கப்பட்ட நாட்கள். உணவு உற்பத்தி இயக்கம் பற்றிய அறிக்கைகள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைத் தமிழாக்கி, உணர்ச்சியூட்டும் நாலு வரி முன்னால் சேர்ப்பது என் வேலை. ஓர் ஆடி மாதத்தில், 'இன்றே விதையுங்கள்' என்று முழுப்பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் தோளில் தட்டினார். ஊரிலிருந்து அப்பா எழுதிய கடிதத்தில் அதுபற்றி ஒரே ஒரு வரி இருந்தது: "ஆடியில் இங்கே எதைத் தம்பி விதைக்கிறது?" பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது வேலையிழந்தவர் அவர். அதன்பின் ஒரு சிறு கடையும் மரவள்ளித் தோட்டமுமாகக் காலத்தை ஓட்டியவர். அந்த வரியில் இருந்த கேலி அன்று எனக்கு உறைக்கவில்லை.

உறைப்பதற்கு நாற்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, பயிர்கள் படுத்த பின் நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று நாடு அறிவித்தது. யூனில், அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. எரிபொருளும் மிஞ்சும், ஊழியர்கள் வீட்டுத்தோட்டமும் செய்வார்கள் என்பது எண்ணம். மழை பெய்யும் தெற்குக்கும் மேற்குக்கும் அது பொருந்தியிருக்கலாம். திருகோணமலையில் யூன் என்பது கச்சான் தலைவிரித்தாடும் காலம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெங்காயச் செய்கையாளர் கோடையிலும் பயிர் வைப்பார்கள் என்பது உண்மையே. ஆனால் அது கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் மண்ணெண்ணெயும் உள்ளவர் செய்வது. அந்த யூனில் மண்ணெண்ணெய்க்குத்தான் ஊரே வரிசையில் நின்றது. வெள்ளிக்கிழமை கிடைத்தவர்களில் பலர் அந்நாளையும் எரிவாயு வரிசையில் கழித்ததை என் கண்ணால் கண்டேன்.

பழைய பழக்கம் விடவில்லை. யூலை தொடங்கி செப்ரெம்பர் முடிய, தோட்டம் தந்ததைத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதினேன். கத்தரி ஒன்பது கிலோ நானூறு கிராம். பயிற்றை நாலு கிலோ. பச்சைமிளகாய் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பாதிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. ஊரார் 'குருமன்' என்று சொல்லும் நோய் அது. வேப்பங்கொட்டையை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடித்துத் தெளித்ததில் மற்றப் பாதி தப்பியது. கீரை முப்பத்தொரு பிடி. மரவள்ளி பதினான்கு கிலோ. இரண்டு பேருக்கு மூன்று மாதம். அந்தச் செப்ரெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்திருந்ததால், பணக்கணக்கில் பார்த்தால் தோட்டம் பெரிய இலாபம் காட்டியது. வயிற்றுக்கணக்கு வேறு. எங்கள் அரிசியில் ஒரு பிடியையும் அது விளைவிக்கவில்லை. மரவள்ளியை அம்மா செய்தது போல மூடி போடாமல் அவித்துச் சம்பலோடு சாப்பிட்டபோது, 1973இல் நான் எழுதிய கட்டுரையை இன்னொருமுறை படித்தால் என்ன என்று தோன்றியது. நல்ல காலம், கையில் பிரதி இல்லை.

இந்தக் கொப்பியைப் பார்த்து முதலில் சிரித்தவர் எங்களுக்குக் கீரை கொண்டுவரும் பெண்மணி. சம்பூரைச் சேர்ந்தவர், அறுபதை நெருங்கும் வயது. கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் நகருக்கு வந்து சந்தை ஓரத்தில் கடைபோடுவார். போகும் வழியில் எங்கள் படலையிலும் குரல் கொடுப்பார். "கீரையையும் நிறுத்து எழுதுவீங்களோ ஐயா? நாளைக்கு வெயிலையும் நிறுத்துப் பாருங்கோ" என்றார். அன்று முதல் அவரே எனக்கு விவசாய ஆலோசகர். நாற்றை மாலையில் நடவேண்டும், கத்தரியின் முதற்பூவைக் கிள்ளிவிட வேண்டும், பயிற்றைப் பந்தலுக்குக் கிளுவைத் தடி போதும் என்பதெல்லாம் அவரிடம் கற்றவை. டீசல் இல்லாமல் பஸ் ஓடாத மூன்று கிழமை அவர் வரவில்லை. பாத்திகள் அநாதரவாக நிற்பதாக எனக்குத் தோன்றியது.

2006இல் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தார்கள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நிலம் கட்டம் கட்டமாக மீண்டும் கையில் கிடைத்தது 2015லும் 2016லும். இடைப்பட்ட ஆண்டுகளைப் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் கழித்தனர். அவரும் அப்படித்தான். முகாமில் தறப்பாள் கொட்டிலின் ஓரத்தில், வெற்று உரப்பைகளில் மண் நிரப்பி மிளகாயும் கத்தரியும் பசளியும் வைத்தாராம். தென்னை, மா, முருங்கை ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. கீரைக்கட்டின் நாரை அவிழ்த்து மீண்டும் கட்டினார்.

"மரம் வைக்க மனம் வராது ஐயா. தென்னம்பிள்ளை வைச்சால் இனி இஞ்சதான் எண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி. மிளகாய் எண்டால் ஆறு மாசம். ஆறு மாசத்தில போயிடுவம் எண்டு சொல்லிச் சொல்லி வைச்சம். ஒன்பது வருசம் மிளகாய் வைச்சம்."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன் நான். அகதிமுகாம்களைப் பற்றி மட்டும் எத்தனை ஆயிரம் வரிகள் எழுதியிருப்பேன் என்று தெரியாது. குடும்பங்களின் எண்ணிக்கை, நிவாரண அரிசியின் அளவு, அமைச்சர் வந்து போன திகதி எல்லாம் அவற்றில் இருக்கும். உரப்பையில் என்ன வளர்கிறது, ஏன் அது மட்டும் வளர்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனி மான்களுக்கு வருவோம். நண்பருக்கு நத்தை என்றால் எனக்குப் புள்ளிமான். திருகோணமலைக்கு வந்து சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள்: பிரட்றிக் கோட்டைக்குள்ளும், மக்கெய்சர் விளையாட்டரங்கைச் சுற்றியும், கடற்கரையிலும் மான்கள் கூட்டமாகத் திரியும். சுற்றுலாப் பயணிகள் அவற்றோடு படம் எடுத்துக்கொள்வார்கள். குப்பைமேட்டில் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கும் மானை யாரும் படமெடுப்பதில்லை. இரவில் அவை குடியிருப்புக்களுக்குள் வரும். வற்றாளைக் கொடியையும் பயிற்றையையும் அவை மேயும் அழகைக் காலையில் வெறும் தண்டுகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

மீனவ நண்பர் ஒருவரிடம் பழைய நைலோன் வலை வாங்கி வளவைச் சுற்றிக் கட்டினேன். ஓராண்டு நிம்மதி. 2023 மார்கழியில், மழை கொட்டிய ஓர் இரவு, பின்பக்கம் பெரிய சத்தம். வெளிச்சம் அடித்துப் பார்த்தால் இளங்கலை ஒன்று வலையில் கொம்பு சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. சுழலச் சுழல வலை கழுத்தில் இறுகியது. அயல் வீட்டுப் பையன் ஓடிவந்தான். சாக்கொன்றை அதன் முகத்தில் போர்த்தி அவன் அமர்த்திப் பிடிக்க, நான் மீன் வெட்டும் கத்தியால் கண்ணி கண்ணியாக அறுத்தேன். கை நடுங்கியது. என் விரலில் ஒன்றும் அறுபட்டது. வலை கழன்றபின்னும் அது எழவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். சாக்கை எடுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டுத் துள்ளியது. பையனின் தொடையில் ஓர் உதை, மிளகாய்ப் பாத்தியில் நாலு குளம்படி, பிறகு இருட்டு. மறுநாள் வலை முழுவதையும் அவிழ்த்துச் சுருட்டி மீனவரிடமே கொடுத்துவிட்டேன்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாட்டி மான் பாயாது ஐயா" என்று சம்பூர்க்காரர் சொன்னபடி, சீமைக்கிளுவைக் கதியால் நட்டு, அதில் கிடுகு சாத்தி வேலி போட்டோம். பெரும்பாலும் பலிக்கிறது. வேலிக்கு வெளியே வற்றாளையை நானாகவே படரவிட்டிருக்கிறேன். மனைவி அதை 'மான் வரி' என்கிறார். கிடுகு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதுவும் ஒரு வேலையாகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

சென்ற கார்த்திகையில் அவர் கீரைக் கூடையோடு ஒரு தென்னம்பிள்ளையையும் சுமந்து வந்தார். சம்பூரில் நிலம் திரும்பிய ஆண்டில் வைத்த மரத்தின் காயாம் அது. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது, இது காய்க்க ஆறேழு வருடம் செல்லுமே என்றேன். "வையுங்கோ" என்றார், அவ்வளவுதான். மேற்கு மூலையில், துறைமுகம் தெரியும் இடத்தில் குழி வெட்டினோம். குழிக்குள் உப்புப் போட வேண்டுமா என்பதில் அவருக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. இறுதியில் ஒரு கைப்பிடி போடப்பட்டது. சுற்றிலும் தடி நட்டுக் கூடு போல் கட்டியிருக்கிறோம், கச்சானுக்காகவும் மானுக்காகவும். இன்று காலை புதிய குருத்து இரண்டு விரல் நீளம் வந்திருந்தது. இதை எழுதும்போது மணி ஐந்தாகிறது. குழாயில் அமுக்கம் குறையுமுன் தண்ணீர் பிடிக்க வேண்டும். பயிற்றை பற்றி நண்பர் கேட்டவற்றுக்குப் பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.