கார்டு மேல் பழி

திங்கள்

நேற்று சாயங்காலம் எழுமலையில் கோடை மழை. இடி, மின்னல் எல்லாம் ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தன. காலையில் கடையைத் திறந்தால் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், மூலையில் இருக்கும் டெபியன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. "இடியில நெட்வொர்க் கார்டு அவுட்டுண்ணே" என்றான் கடைத் தம்பி. லினக்ஸில் அவன் கை தேர்ந்தவன். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அதை நோண்டித்தான் கற்றுக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் 127.0.0.1-க்குப் பிங் போட்டுப் பார்த்து, "பதில் வருதே, கார்டு நல்லாத்தான் இருக்கு" என்றான். இரண்டு தீர்ப்புக்கும் சாட்சி இல்லை. அந்தப் பிங் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். கார்டு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

செவ்வாய்

எல்எஸ்பிசிஐ கட்டளையில் ரியல்டெக் கார்டு பட்டியலில் வந்தது. ஆக, அடியோடு சாகவில்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் 'லிங்க் டவுன்', 'லிங்க் அப்' என்று வரிசையாக வரிகள். ஈத்டூலில் வேகம் 1000 மெகாபிட்டுக்குப் பதில் 100. 'ஐபி -எஸ் -எஸ் லிங்க்' போட்டால் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போகிறது.

சிஆர்சி என்பது மூட்டையின் மேல் எடையை எழுதி அனுப்புவது மாதிரி. அனுப்புகிற பக்கம் ஒவ்வொரு ஃபிரேமின் கடைசியிலும் 4 பைட் சரிபார்ப்பு எண் சேர்க்கும். வாங்குகிற கார்டு திரும்பக் கணக்குப் போட்டு, ஒத்துவராவிட்டால் ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிடும். அப்படியானால் பிழையை எண்ணிச் சொல்வதுதான் கார்டு. கெடுத்தது வழியில் இருக்கலாம்.

வேகம் குறைந்ததும் அதையே காட்டியது. 100-க்கு 4 கம்பி போதும், 1000-க்கு 8 கம்பியும் வேண்டும். மொட்டைமாடி வழியாக வரும் கேபிளின் முனையைப் பிரித்தால், பழுப்பு ஜோடி பச்சைக் களிம்பு பிடித்து இற்றுக் கிடந்தது. ஒரே நாள் மழையில் வருகிற களிம்பு இல்லை அது. புதுக் கேபிள் இழுத்து முனையைக் கிரிம்ப் பண்ணியதும் வேகம் 1000. சிஆர்சி எண்ணிக்கை அப்படியே நின்றது.

புதன்

சின்ன வேலைகள் நடக்கின்றன. பெரிய ஃபைல் அனுப்பினால் இன்னும் தொங்குகிறது. டிமெஸ்ஜியில் புது வரி: 'டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்'. கெர்னல் சரக்கைக் கொடுத்துவிட்டது, அனுப்பியாயிற்று என்ற தகவல் கார்டிடமிருந்து வரவில்லை என்று அர்த்தம். கூடவே, கார்டு செருகியிருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் பிழைப் புகார்களான ஏஇஆர் வரிகளும் வருகின்றன. 'பிசிஐ=நோஏஇஆர்' என்று பூட் வரியில் சேர்க்கலாம் என்றான் தம்பி. அது புகாரின் வாயை அடைக்கும், பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். மின்சேமிப்பை நிறுத்தும் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' உருப்படியான சோதனை; போட்டுப் பார்த்தோம், பலனில்லை. கார்டைக் கழற்றித் தூசி தட்டி, தங்க முலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் துடைத்து, பக்கத்து ஸ்லாட்டில் செருகினோம். அங்கேயும் அதே ஏஇஆர் பிழைகள்.

வியாழன்

டிரைவரையும் விட்டுவைக்கக் கூடாது. 2008-இல் 2.6.27 கெர்னல் சோதனைப் பதிப்பாக இருந்தபோது, இ1000இ டிரைவரில் ஓடிய இண்டெல் கார்டுகள் சிலவற்றின் நிரந்தர நினைவகமே அழிந்துபோனது. எல்லோரும் கார்டையும் அதன் டிரைவரையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பிடிபட்டது எஃப்டிரேஸ் என்கிற, கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கருவி. விடுவிக்கப்பட்ட நினைவிடத்தில் அது எழுதப்போக, அந்த இடம் அதற்குள் கார்டின் கைக்குப் போயிருந்தது. மென்பொருள் செய்த வினையில் வன்பொருள் கெட்டது.

அதனால் பென் டிரைவில் வேறு கெர்னலை ஏற்றி ஓட்டினோம். அதே தொங்கல். அடுத்து, கார்டைக் கழற்றி முன்மேசைக் கம்ப்யூட்டரில் போட்டோம், அங்கேயும் தொங்கியது. அந்தக் கம்ப்யூட்டரின் கார்டை மூலைக்குக் கொண்டுவந்தால் சிணுங்காமல் ஓடுகிறது. இனி கார்டைக் குற்றவாளி என்று சொல்லலாம்.

சனி

தம்பி உசிலம்பட்டியில் பஸ் மாறி மதுரைக்குப் போய் இண்டெல் கார்டு வாங்கி வந்தான். செருகினோம், நெட் வரவில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. 'ஐபி லிங்க்' போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது: ஸ்லாட் மாறியதால் கார்டின் பெயர் ஈஎன்பி3எஸ்0 போய் ஈஎன்பி4எஸ்0 ஆகியிருக்கிறது, அமைப்புக் கோப்பில் பழைய பெயரே நிற்கிறது. திருத்தியதும் வந்துவிட்டது. பெரிய ஃபைலும் ஒரே மூச்சில் போனது.

ஈத்டூலில் சுயசோதனை ஓட்டினேன். பதிவேடு, நினைவகம், லிங்க் எல்லாம் தேறின. சிஆர்சி, ஏஇஆர் பிழை எண்ணிக்கைகள் கம்ப்யூட்டரை அணைத்தால் அழிந்துவிடும். ஓடும்போதும் மொத்த எண் பெரிதாக எதுவும் சொல்லாது, ஏறுகிறதா என்பதுதான் சேதி. ஆகவே இன்றைய கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்: வேகம் 1000, சிஆர்சி 0, ஏஇஆர் 0. அடுத்த தடவை யாராவது கார்டு போச்சு என்றால், இதை வைத்துக்கொண்டு பேசலாம்.