பஞ்சு மெத்தைக் காரும் பள்ளத்துப் பாதையும்

'டிராக்டர் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. முன் டயர் ஓரத்தில் சீக்கிரம் தேய்கிறது. என்ன செய்வது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கான பதிலை நான் பழைய சொகுசு கார்களிடம் கற்றுக்கொண்டேன். கோவையில் 28 ஆண்டுகள் ஒர்க்‌ஷாப் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரில் மூன்று ஏக்கரில் மஞ்சளும் சோளமும் வைத்திருக்கிறேன்.

எங்களிடம் 1960-களின் மெர்சிடஸ் பென்ஸ் போன்ற கார்கள் வரும். வேலை முடிந்ததும் குளத்துக்கரை வண்டித்தடத்தில்தான் ஓட்டிப் பார்ப்போம். தார் ரோட்டில் எந்தக் காரும் நல்ல பிள்ளைதான். பெரிய கம்பெனிகளும் இதையேதான் செய்கின்றன. இங்கிலாந்தின் மிரா சோதனைத் தடத்தில், பெல்ஜியம் நாட்டுக் கற்பாதை போலவே மேடும் பள்ளமுமாகக் கல் பதித்திருக்கிறார்கள். பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனி கிராமத்து விவசாயிகளை மனதில் வைத்து 2 சி.வி. காரை உருவாக்கியபோது, கூடை முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக் கூடாது என்பது நிபந்தனை.

வண்டித்தடத்தில் 15 கிலோமீட்டர் வேகம் போதும். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிடுவோம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் இருந்தால்தான் சக்கரத்தின் அதிர்வு கைக்குத் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்றால் எங்கோ தேய்மானம். மேடு தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி எழும்பி அமர்ந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது.

ஒருவர் அன்று சாயங்காலமே குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பக் காத்திருந்தார். ஓட்டிப் பார்த்தபோது இடது முன் சக்கரத்தில் சன்னமாக ஒரு சத்தம். சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"புது டயர் போட்டாச்சு, பெயின்ட்டும் அடிச்சாச்சு. இன்னும் என்னப்பா?" என்று சத்தம் போட்டார்.

"ரெண்டே நிமிஷமுங்க, வந்து பாருங்க" என்று ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், அப்போதும் ஆடியது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். அவர் பின் சீட்டிலிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். "மெதுவாவே செய்ங்க" என்றார். அன்று ஊட்டிப் பயணம் நின்றது.

இனி டிராக்டருக்கு வருவோம். முதலில் இரு முன் டயர்களிலும் காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். பிறகு ஜாக்கியோடு மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து முன் அச்சைத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டினால் பேரிங், கிங் பின் தெரியும். பெரும்பாலான டிராக்டர்களில் முன் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. அதனால் ஒருவர் ஆட்ட, இன்னொருவர் எந்த இடம் அசைகிறது என்று பார்க்க வேண்டும். இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராடு முனைகளின் தேய்மானம் தெரியும். அதெல்லாம் சரியாக இருந்தும் டயர் ஓரம் தேய்ந்தால், முன் சக்கரங்களின் இடைவெளியை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து பாருங்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு மெக்கானிக் சரிசெய்து கொடுப்பார். டிரெய்லரில் பட்டை வில்லும் யு போல்ட்டும் கண்ணில் படட்டும்.

1955-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுட் காரில், ஓட்டுபவர் ஒரு மிதியை அழுத்தினால் அடிப்பாகத்து இணைப்புகளுக்கு எண்ணெய் போய்ச் சேரும். நமக்கு அந்த மிதி இல்லை; கிரீஸ் கன் இருக்கிறது. கிரீஸ் அடிக்கும்போது பழையது ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வாய்க்கால் கரையில் கரும்பு லோடோடு வரும் டிராக்டரை ஓட்டுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான்.