நான்கு கட்டங்கள்

சேலத்திலிருந்து அரூர் செல்லும் சாலை மஞ்சவாடிக் கணவாயைக் கடந்ததும், பாப்பிரெட்டிப்பட்டிச் சமவெளி கண்முன் விரிகின்றது. மேற்கே சேர்வராயன் மலை. கிழக்கே சித்தேரி மலை. இடையே மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளையும் வயல்கள். சேர்வராயனில் பிறக்கும் வாணியாறு அடிவாரத்து அணையில் தங்கி, பின்னர் இவ்வயல்களை நனைக்கின்றது. தொடர்வண்டியில் வருவோர் பொம்மிடியில் இறங்க வேண்டும்.

அண்மையில் அவ்வூருக்குச் சென்றிருந்த நான், பேருந்துக்காக ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அத்திண்ணையில் யாரோ தாயக்கட்டம் கீறி வைத்திருந்தார்கள். அருகே, மலையூரிலிருந்து மருத்துவமனைக்கு வந்து திரும்பும் ஓர் இளந்தாய், அவள் மடியில் ஐந்து வயது மகன், பக்கத்தில் மாமியார். சிறுவன் முழங்கால் வலியால் முனகிக்கொண்டிருந்தான். அவனுக்கு அரிவாள் உயிரணுச் சோகை. வட்டமாயிருக்க வேண்டிய இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, சிறு குழாய்களை அடைத்து, பொறுக்கவொண்ணா வலி தரும் பரம்பரை நோய் அது.

என் அங்கியைக் கண்ட அத்தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சாமி, நாலுல ஒண்ணுக்கு வரும்னு டாக்டரு சொன்னாரு. ஒண்ணுக்கு வந்துடுச்சு. இனிமே பொறக்கிற மூணும் நல்லாத்தானே இருக்கும்?"

மாமியார் குறுக்கிட்டார்: "எங்க வம்சத்துல யாருக்கும் இது இல்லீங்க சாமி. இவ கொண்டாந்த சீக்கு."

இரண்டு பேச்சிலும் பிழை இருந்தது. அப்பிழையைத் திருத்தும் கணக்கை உலகுக்கு அளித்தவர் ஒரு துறவி. இன்றைய செக் நாட்டின் புருனோ நகரில், புனித தோமையார் மடத்தில் வாழ்ந்த அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் விளைந்தவை யாவும் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ 7324 விதைகளில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்திருந்த பண்பு அழிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கிற்று. 1865-இல் அவர் இதை எடுத்துரைத்தார். 1900-இல்தான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட் அக்கணக்கை எளிய கட்டமாக வரைந்து காட்டினார்.

ஒரு குச்சியால் அக்கட்டத்தையே மண்ணில் கீறினேன். பெற்றோர் ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு உண்டு. நல்லது 'ந'; அரிவாள் தன்மையது 'அ'. மேலே தந்தையின் ந, அ. பக்கத்தில் தாயின் ந, அ. உள்ளே நான்கு கட்டங்கள்: நந, நஅ, அந, அஅ. முதற்பிள்ளைக்குக் குறையில்லை. நடுவிலுள்ள இருவர் நோயற்றவர். ஆயினும் அதைத் தாங்கிச் செல்வோர், தம் பெற்றோரைப் போலவே. நான்காம் பிள்ளைக்கே நோய்.

"பாருங்கம்மா, தந்தையிடமிருந்து ஓர் 'அ' வராமல் இந்த நான்காம் கட்டம் நிரம்பாது. உங்கள் மகனும் பாதி கொடுத்திருக்கிறார், அவருக்கு அது உங்கள் குடும்பத்திலிருந்தே வந்திருக்கும்" என்றேன். 'தாயைப் போல பிள்ளை' என்பது பாதி உண்மையே.

அடுத்து, திண்ணையிலிருந்த தாயக்கட்டத்தைக் காட்டினேன். ஒருமுறை தாயம் விழுந்ததைக் கட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அவ்வாறே ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு புதிதாகவே உண்டு. மூத்தவனுக்கு நோய் வந்ததால் இளையவர்க்குக் காப்பு இல்லை. கட்டாயம் வரும் என்பதும் இல்லை.

பெற்றோரே, இக்கட்டம் மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. அத்தை மகள், மாமன் மகளை மணக்கத் திருச்சபைச் சட்டப்படி ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அதைக் கேட்டு வருவோர், "சொந்தம் விட்டுப் போகக் கூடாது, சாமி" என்பார்கள். ஒரே பாட்டனிடம் மறைந்திருந்த 'அ' இரு பேரப்பிள்ளைகளிடமும் இறங்கியிருக்கக் கூடும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரிவாள் உயிரணு நோயை 2047-க்குள் ஒழிக்கும் நோக்குடன், 2023 ஜூலை 1-இல் நடுவண் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ளோரின் இரத்தத்தைச் சோதித்து, முடிவைக் குறித்த அட்டையும் வழங்குகின்றார்கள். ஒருவர் தாங்கியாயிருந்து துணைவர் 'நந' ஆயின், எப்பிள்ளைக்கும் நோய் வராது. இருவரும் தாங்கிகளாயின், மணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசித் தெளிவது நலம். தாங்கியாயிருப்பது பழியன்று, அதை மறைத்து மணம் பேசுவதே தவறு.

பேருந்து வந்தது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. மருமகள் மடியிலிருந்த பேரனை வாங்கித் தம் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினார். உங்கள் இல்லத்தில் மணப்பேச்சு எழும்போது, சாதகக் கட்டத்தைத் தேடுமுன் இந்த நான்கு கட்டங்களை நினைவில் கொள்ளுங்கள்.